வெசாக் பார்க்கப் போன ஒன்பது பேர்

வெள்ளவத்தை,
14.05.2025, புதன் பின்னேரம்.

அன்பு மகள் சுபோதினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் சின்னவன் ஆரூரனும் மெல்பேர்ன் குளிரில் சளி காய்ச்சல் என்று ஒன்றும் பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். எங்கள் சுகத்தைக் கேட்டால், அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, உன் தம்பி ஜனா நன்றாகச் சாப்பிடுகிறான் என்று எழுத ஆசை, ஆனால் இன்றைக்கு அவன் சாப்பிடவில்லை, என் பிரஷர் மூன்று நாளாகச் சொல்லுக் கேட்கவில்லை. நேற்று வீடியோவில் ஏன் அப்பா முகம் வாடிப்போய் இருக்கு என்று நீ கேட்டாய், நான் வெயில் என்றேன். அது பொய். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்தில் நிற்பா, ஜனா பின்னால் நடந்து திரிவான், அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேனையை எடுத்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், வயதால் அல்ல, பயத்தால்தான். உன் அப்பா பயந்தாங்கொள்ளி என்பது உனக்குப் புதினம் இல்லைத்தானே.

புத்தர் பிறந்த வெசாக்குக்கு வெளிச்சக்கூடு பார்க்கப் போவோம் என்று தொடங்கியது றேமண்ட்தான். கொட்டாஞ்சேனை றேமண்ட் அங்கிள், ஷிப்பிங் கந்தோரில் என்னோடு இருபத்தாறு வருஷம் ஒரே மேசையில் இருந்தவர். இந்த வருஷம் எங்களுக்கு ஊர் சுற்றுகிற வருஷமாகவே போய்விட்டது பிள்ளை. போன டிசம்பர் நத்தாருக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு, நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து ஃபிளாட் மஜீடும் ஷிம்னாவும் கொண்டுவந்த வட்டிலப்பம், சித்திரை வருஷத்துக்கு எல்லாரும் சேர்ந்து காலிமுகத்திடலில் இறால் வடை. அங்கே மஜீட் ஒரு பட்டம் வாங்கி ஏற்றப் பார்த்து அது யாரோ ஒரு அம்மாவின் தலையில் விழுந்து அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினதை நினைத்து அம்மா இன்னும் சிரிப்பா. சரி, வெசாக்குக்கும் போவோம், பேரே வாவிப் பக்கம் கூடுகள் இந்த முறை நல்ல வடிவாம் என்று றேமண்ட் சொன்னதும் எல்லாருக்கும் விருப்பம். எனக்கும் விருப்பம் இல்லாமல் இல்லை. அலங்காரம் பார்க்க எனக்கு ஆசைதான். சனத்தைத்தான் பயம். எங்களோடு மூன்று பேர், றேமண்டும் மனைவியும் இரண்டு பெட்டையளும் நாலு, மஜீடும் ஷிம்னாவும் இரண்டு, ஆக ஒன்பது பேர்.

இனி என் விசர் வேலையைக் கேள். புறப்பட முன்னம் எங்கள் வரவேற்பறையில் வைத்து எல்லாருடைய அடையாள அட்டையையும் வாங்கினேன். உனக்கு இது புதிதில்லை, சின்ன வயதில் கோயிலுக்குப் போனாலும் உன் பிறப்புச் சான்றிதழை நான்தான் வைத்திருப்பேன். இளம் பிள்ளைகள் கார்டைப் பொக்கற்றில் வைத்துத் தொலைத்துவிடுவார்கள், நெருக்கத்தில் எவனாவது உருவிவிடுவான், கார்ட் இல்லாமல் யாராவது மறித்துக் கேட்டால் என்ன செய்வது, ஒரு இடத்தில் என்னிடம் இருந்தால் பயம் இல்லை. இப்படித்தான் என் மூளை வேலை செய்தது. மஜீட் சிரித்துக்கொண்டு, சுந்தரம் அண்ணன், இப்ப யாரு கார்ட் கேக்குற என்று சொல்லியபடியே கொடுத்தார். றேமண்ட் தானாகவே நாலு கார்டையும் எடுத்து நீட்டினார், அவருக்கு என்னை முப்பது வருஷமாகத் தெரியும். ஜனாதான் முகத்தைச் சுளித்தான். அப்பா, வாற சனிக்கிழமை எனக்கு பாங்க் வேலைச் சோதனை, கார்ட் இல்லாட்டி மண்டபத்துக்குள்ள விடமாட்டாங்கள், அதை மட்டும் என்னட்டை விடுங்கோ என்றான். அதற்காகத்தான் தா என்று வாங்கி, ஒன்பதையும் றப்பர் வளையத்தால் கட்டி என் பழைய பிறவுண் கைப்பைக்குள் வைத்துத் தோளில் மாட்டினேன்.

அங்கே போனபிறகு ஒரு மணித்தியாலம் நான் பயத்தையே மறந்துபோனேன் என்றால் நம்புவாயா. வாவித் தண்ணீருக்கு மேல் கூடுகள், தாமரை மாதிரி ஒன்று, சக்கரம் மாதிரிச் சுற்றுகிறது ஒன்று, மெல்லிய ரிசுப் பேப்பரில் இவ்வளவு செய்யலாமா என்று அம்மா ஒவ்வொன்றுக்கும் நின்றுநின்று பார்த்தா. வெள்ளை உடுப்புப் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் லொறியில் இருந்து பக்திப் பாட்டுப் பாடினார்கள். றேமண்டின் சின்ன மகள் எங்கள் எல்லாரையும் கூட்டமாக நிற்பாட்டிப் படம் எடுத்தாள், உனக்கு அனுப்பினாளாம், அதில் நான் சிரிக்கிறேன் பார். பிறகு ஒரு தன்சல், காசு வாங்காமல் எல்லாருக்கும் சாப்பாடு கொடுக்கிற பந்தல். அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டச்சம்பலும், கிழங்கு பஞ்சு மாதிரி, வரிசையில் நின்றவர்களை அந்தப் பெடியன்கள் வாங்கோ வாங்கோ என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டுத் தருகிறார்கள். தட்டைப் பிடிக்க ஒரு கை, தேத்தண்ணிக்கு ஒரு கை. கைப்பையைக் கழற்றி நான் இருந்த மர வாங்கில் வைத்தேன். சாப்பிட்டேன். கை கழுவினேன். எழும்பிப் போய்விட்டேன்.

தெருமுனையில் பெரிய தோரணத்தடியில் நிற்கும்போதுதான் தோள் வெறுமையாக இருப்பது தெரிந்தது. மற்றவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அம்மாவும் நானும் திரும்பி ஓடினோம். தன்சலுக்குக் கிட்டப் போகும்போதே பாட்டை நிற்பாட்டிவிட்டு ஒலிபெருக்கியில் ஒரு குரல் பெயர் கூப்பிடுகிறது. சிங்களக் குரல், எங்கள் பெயர்கள் அதன் வாய்க்குள் நுழையவில்லை, ஒவ்வொரு எழுத்தாக உடைத்து உடைத்து வாசிக்கிறது. அம்மாவின் பெயர், பத்மாவதி. ஜனா. றேமண்ட். பிறகு என் பெயர், நாலு துண்டாக. இந்தப் பெயர்க்காரர் இருந்தால் மேடைக்கு வரவும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. மேடை எனக்கு நாற்பது அடி தூரம். பை அங்கே மேசையில் இருப்பதுகூடத் தெரிகிறது. உங்கட பேரைத்தானே கூப்பிடுறாங்கள் என்று அம்மா சொன்னா. நான் அவவின் கையை இறுக்கிப் பிடித்து, திரும்பிப் பார்க்காமல் நட என்றேன். அவவும் நடந்தா. மற்றவர்களிடம் பை கிடைக்கவில்லை என்று சொல்லி, இரண்டு ஓட்டோ பிடித்து எல்லாரையும் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டினேன்.

எடுக்கப் போன பையைக் கண்ணால் கண்டும் விட்டுவிட்டு ஓடி வந்த மனிசன் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டான். இதோடு முடிந்திருந்தால்கூட இந்தக் கடிதம் வராது. மறுநாள் செவ்வாய், அதுவும் லீவு நாள். அம்மாவும் ஷிம்னாவும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள், ஜனா தெஹிவளையில் கூட்டாளி வீட்டில் படிக்கப் போயிருந்தான். பதினொரு மணி போல் பெல் அடித்தது. கதவு ஓட்டையால் பார்த்தேன், இரண்டு சிங்களப் பெடியன்கள், வெள்ளைச் சேட்டு, கையில் ஹெல்மெட். ஜனா வீட்டில் இருக்கிறாரா அங்கிள் என்று சிங்களத்தில் கேட்டார்கள். ஒருவன் கையில் ஒரு சொப்பிங் பை இருந்தது. அதற்குள் என்ன என்று நான் யோசிக்கவில்லை என்று உனக்கு எழுதலாம். யோசித்தேன். கார்டில் விலாசம் இருக்கிறது, பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள் என்று புத்தி சொன்னது. ஆனால் என் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்பின் தெரியாத இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள் என்பதுதான் காதில் விழுந்தது. கதவைத் திறக்காமலே, அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று சொன்னேன். அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். நான் கதிரையில் இருந்து அழுதேன்.

கீழே கேற்றில் நிற்கிற வாட்ச்மன் இராமர் இன்று காலை ஜனாவிடம் சொல்லிவிட்டார். ரெண்டு பேரு பை கொண்டாந்தாங்க தம்பி, மேல பெரியவரு அப்படி ஆளே இல்லன்னு சொன்னாராம், நான் வாங்கிக்கிறேன்னா சொந்தக்காரங்க கையிலதான் குடுப்போம்னுட்டு பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க என்று. ஜனா மேலே வந்து செருப்பைக் கழற்றாமலே என் முன்னால் நின்றான். நான் இல்லை எண்டு சொன்னீங்களோ அப்பா என்று கேட்டான். ஓம் என்றேன். கத்துவான் என்று பார்த்தேன், கத்தவில்லை. நான் இருக்கிற இடத்தில நான் இருக்கிறன் எண்டு சொல்ல உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று மட்டும் மெல்லக் கேட்டான். பிறகு ஸ்டேஷனுக்குப் போய் வந்தான். ஒன்பது பேரின் கார்ட் ஒரே பையில் இருப்பது அவர்களுக்குப் புதுமையாக இருக்கிறதாம். பைக்காரர் நேரில் வந்து ஏன் என்று சொல்ல வேண்டும், மற்றவர்களும் வந்து கையெழுத்து வைத்து எடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை பத்து மணி. நான் போகாவிட்டால் அவனுக்குக் கார்ட் இல்லை, கார்ட் இல்லாவிட்டால் சோதனை இல்லை. இரண்டு வருஷம் படித்திருக்கிறான் பிள்ளை. இப்போது அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான், வைத்த சோறு அப்படியே இருக்கிறது.

நான் ஏன் இப்படி என்று உனக்குக் கொஞ்சம் தெரியும், முழுக்கத் தெரியாது. 2007இல் ஆமியும் பொலிசும் எங்கள் லேனைச் சுற்றி வளைத்த அன்று உனக்குப் பதினைந்து வயது, ஜனா ஐந்து வயது, அம்மாவின் மடியில் நித்திரை. பெண்களை ஒரு பக்கம், எங்களை ஒரு பக்கம் மைதானத்தில் இருத்தி, கார்டுகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். உன் குமணன் மாமா எனக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மாவின் தம்பி, வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து மூன்று கிழமைதான். அவருடைய பெயரைக் கூப்பிட்டதும் என்னைப் பார்த்தார். அத்தான், எழும்பட்டோ, இவ்வளவு சனத்துக்குள்ள சும்மா இருந்தால் ஆருக்குத் தெரியும் என்று கேட்டார். நான்தான் பிள்ளை சொன்னேன், எழும்பிப் போ, கார்ட் அவங்களிட்ட இருக்கு, போகாமல் இருந்தால்தான் பிழை, ஒண்டும் நடக்காது என்று. எழும்பினார், சாரத்தில் ஒட்டின மண்ணைத் தட்டினார், போனார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. நாங்கள் தேடாத இடம் இல்லை என்பது உனக்குத் தெரியும். போகச் சொன்னது நான் என்பது அம்மாவுக்குத் தெரியாது, உனக்கும் இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. பதினெட்டு வருஷமாக யாராவது பெயர் கூப்பிட்டால், டிஸ்பென்சரியில் நம்பரோடு பெயர் கூப்பிட்டால்கூட, என் கால் எழும்பாது, அம்மாவைத்தான் அனுப்புவேன். அவ என்னைச் சோம்பேறி என்று பேசுவா. பேசட்டும் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் போவேனா என்று எனக்கே தெரியவில்லை. பிரஷர் என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இதை இங்கே நிறுத்தி வைக்கிறேன்.

16.05.2025, வெள்ளி.

பிள்ளை, போனேன். விடிய நாலு மணிக்கே முழித்து, சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் ஐந்தாறு தரம் பாடமாக்கினேன். மஜீட் கடையைப் பூட்டிவிட்டு வந்தார், றேமண்ட் குடும்பம் மட்டக்குளி பஸ்ஸில் நெரிபட்டு வந்து சேர்ந்தது, பெட்டையள் இரண்டும் படம் பார்க்கப் போகிற மாதிரி உடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஸ்டேஷன் படியில் அம்மா முன்னால் போனா, ஜனா எனக்குப் பின்னால் வந்தான், ஓடிவிடுவேன் என்று நினைத்தானோ தெரியாது. உள்ளே வாங்கில் ஒன்பது பேரும் வரிசையாக இருந்தோம். மேசையில் இருந்த பொலிஸ்காரப் பெடியனுக்கு ஜனாவின் வயதுதான் இருக்கும். என் பை அவன் முன்னால் இருக்கிறது. ஒன்பது பேரின் கார்டை ஒருவர் ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை, விளங்காமல்தான் கேட்டான். நான் பாடமாக்கின ஒரு சொல்லும் வரவில்லை. றேமண்ட்தான் எழும்பி, இவர் அப்படித்தான் சேர், பஸ்ஸில் போனால் எங்கள் டிக்கட்டையும் வாங்கி இவர்தான் வைத்திருப்பார் என்று சொன்னார். பெடியன் சிரித்துவிட்டான். பக்கத்து மேசையில் இருந்த வயதான சார்ஜன்ட் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் புத்தகத்தைக் குனிந்து எழுதத் தொடங்கினார். அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன்.

பிறகு பெயர் கூப்பிட வேண்டும். பெடியன் முதல் கார்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் முயற்சி செய்தான், நாக்குச் சுளுக்கிக்கொண்டது. கார்டுக் கட்டை ஜனாவிடம் நீட்டி, தம்பி நீங்களே வாசியுங்கோ, ஒவ்வொருவராக வந்து கையெழுத்து வைக்கட்டும் என்றான். ஜனா எழும்பி நின்று வாசித்தான். மஜீட் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உள்ளேன் ஐயா என்று கத்தினார், பெட்டையள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா போய்க் கையெழுத்து வைத்தா. பிறகு கந்தையா சிவபாதசுந்தரம் என்றான். என் பிள்ளையின் வாயில் என் முழுப் பெயரை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. கால் எழும்பவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். இன்னொரு தரம் கூப்பிடுவான் என்று பார்த்தேன், கூப்பிடவில்லை, கார்டைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றான். அவனுக்கு அவசரம் இல்லை என்பது போல் நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியாது பிள்ளை. முழங்காலில் கையை ஊன்றி எழும்பினேன். ஓம், நான்தான் என்றேன். சத்தம் கூடிப்போய்விட்டது, வெளியே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கையெழுத்து வைத்துவிட்டு வந்து இருக்கும்வரை ஜனா என் முழங்கையை விடவில்லை.

வெளியே வந்து எல்லாரும் சேர்ந்து தோசை சாப்பிட்டோம். ஜனா இரண்டு மசாலாத் தோசை சாப்பிட்டான், அம்மா அதைப் பார்த்துக்கொண்டே தன் தோசையை ஆறவிட்டா. பை கொண்டுவந்த பெடியன்களின் நம்பரை ஸ்டேஷனில் வாங்கி நன்றி சொல்லியிருக்கிறான், அவர்களை ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கும் கூப்பிட்டிருக்கிறான், கதவை நீங்கதான் திறக்க வேணும் அப்பா என்று சொல்லிவிட்டான். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. வீட்டுக்கு வந்ததும் கதவுக் கொண்டியை இரண்டு தரம் பார்த்தேன்.

நாளைக்கு விடியத் தம்பிக்காக நீயும் ஒரு விளக்கு ஏற்று என்று எழுத வந்தேன், கடிதம் கிடைக்கும்போது சோதனை முடிந்திருக்கும், பரவாயில்லை, மறுமொழி நல்லதாக வர ஏற்று. ஆடிவேல் திருவிழாவுக்கு நீங்கள் வருகிறீர்கள்தானே, ஆரூரனுக்குத் தேர் காட்ட வேண்டும், காலிமுகத்திடலுக்கும் கூட்டிப் போவேன், சனமாக இருந்தாலும் கூட்டிப் போவேன். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல் நீடூழி வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், கட்டுநாயக்காவில் வந்து இறங்கியதும் உங்கள் பாஸ்போர்ட்டுகளை என்னிடம் தா, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று கட்டாயம் கேட்பேன். தராதே.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. குமணனின் விஷயம் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவ குசினியில் நிற்கிறா, ஜனா படிக்கிறான். இதை ஒட்டுவதற்கு முன் அவவைக் கூப்பிட்டு இருத்தி, முதல் வரியில் இருந்து வாசித்துக் காட்டப் போகிறேன். ஸ்டேஷனைவிட இது எனக்குக் கூடப் பயமாக இருக்கிறது. வாசித்துக் காட்டாமல் இதைத் தபாலில் போடுவதில்லை என்று முடிவு எடுத்திருக்கிறேன். ஆகவே இது உன் கைக்கு வந்திருந்தால், அம்மாவுக்குத் தெரியும் என்று அறிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
க. சிவபாதசுந்தரம்